எழுதலாம், விற்கக் கூடாது

மேற்கத்திய இசை வரலாறு: ஆறாம் பகுதி

சென்ற இரு பகுதிகளிலும் இத்தாலியில் இருந்தோம். 1568-ல் மத்தலேனா கசுலானா வெனிஸ் நகரில் தன் பெயர் போட்டு ஒரு மாட்ரிகல் தொகுப்பை அச்சிட்டார். முழுக்க ஒரு பெண்ணின் ஆக்கங்களை மட்டும் கொண்டு அச்சேறிய முதல் இசைநூல் அதுதான். ஃப்ளாரன்ஸில் மெடிச்சி அரசவையில் சம்பளம் வாங்கிய ஃப்ரான்செஸ்கா கச்சினியின் இசைநாடகம் 1625-ல் மேடையேறியது. பார்பரா ஸ்ட்ரோட்ஸி 1644-க்கும் 1664-க்கும் இடையில் எட்டுத் தொகுப்புகளை வெளியிட்டார். இனி ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளைத் தாண்டி பெர்லினுக்கு வருவோம். அங்கே ஃபான்னி மெண்டல்சோன் ஹென்செல் என்ற பெண் 450-க்கு மேற்பட்ட ஆக்கங்களை எழுதுகிறார். நாற்பது வயது வரை அவர் பெயரில் ஒரு தொகுப்புகூட வரவில்லை. பலருடைய பாடல்களைச் சேர்த்துப் போட்ட திரட்டுகளில் உதிரியாக ஒன்றிரண்டு வந்ததோடு சரி. இந்த இருநூறு ஆண்டுகளில் அச்சுத்தொழில் பெருகியிருக்கிறது, பெண்கள் படிக்கத் தொடங்கியிருக்கிறார்கள், பியானோ நடுத்தர வீடுகளுக்குள் வந்துவிட்டது. காலம் போகப் போக வழி அகலமாகும் என்றுதான் எதிர்பார்ப்போம். இங்கே அது குறுகிப்போயிருக்கிறது. ஏன்?

வழக்கமான பதில், ஆணாதிக்கம். அது பொய்யில்லை, ஆனால் போதாது. ஆணாதிக்கம் வெனிஸிலும் இருந்தது. கசுலானாவின் காலத்தில் அது இன்னும் வெளிப்படையாக இருந்தது. அறிவுத்திறன் தங்களுக்கே சொந்தம் என்று ஆண்கள் எண்ணிக்கொண்டிருப்பதைத் தன் சமர்ப்பண உரையிலேயே அவர் சாடியிருக்கிறார். அந்த இத்தாலியப் பெண்களை வேறொரு கோணத்தில் பாருங்கள். கச்சினியின் தகப்பனார் பாடகர், இசையமைப்பாளர். மகளும் அதே அரசவையில் வேலைக்குச் சேர்ந்தார். கசுலானா பாடியும் வீணை போன்ற லூட் வாசித்தும் கற்றுக்கொடுத்தும் வாழ்ந்தவர். ஸ்ட்ரோட்ஸி தன் தொகுப்புகளைப் பிரபுக்களுக்கும் அரச குடும்பத்தாருக்கும் சமர்ப்பித்து ஆதரவு தேடியவர். இவர்களுக்கு இசை தொழில். கைக்குக் காசு வரும் வழி. பெண் என்பது அந்தத் தொழிலில் ஒரு தடை, தாண்டக்கூடிய தடை. பெர்லினில் ஃபான்னிக்கு எதிரே நின்றது வேறு வகைத் தடை. அவர் எழுதுவதை யாரும் ஒருநாளும் தடுக்கவில்லை. எழுதியதைத் தன் பெயரில் கடைக்கு அனுப்புவது, விலை வைப்பது, பத்திரிகைக்காரர் வாயில் விழுவது, அதிலிருந்து பணம் பெறுவது ஆகியவைதான் தடுக்கப்பட்டன. ஒரு படைப்பாளியை வரலாற்றுக்குள் கொண்டுவருவதும் இவைதான் என்பது இந்தப் பகுதியின் வாதம்.

ஃபான்னி 1805 நவம்பர் 14 அன்று ஹாம்பர்கில் பிறந்தார். பாட்டனார் மோசஸ் மெண்டல்சோன் ஐரோப்பா முழுக்க அறிந்த யூதத் தத்துவ அறிஞர். தகப்பனார் ஆப்ரஹாம் வங்கி அதிபர். குழந்தை பிறந்ததும், இவளுக்கு பாக்கின் ஃபியூக் வாசிக்கும் விரல்கள் என்று தாய் லியா சொன்னதாகக் குடும்ப வழக்கு. 1811-ல் குடும்பம் பெர்லினுக்கு வந்தது. அங்கே ஃபான்னிக்கும் மூன்று வயது இளைய தம்பி ஃபெலிக்ஸுக்கும் ஒரே ஆசிரியர்கள்: பியானோவுக்கு லுட்விக் பெர்கர், இசை இலக்கணத்துக்கும் ஆக்கத்துக்கும் கார்ல் ஃப்ரீட்ரிக் செல்ட்டர். பதின்மூன்று வயதில் பாக்கின் இருபத்துநான்கு முன்னிசைகளையும் மனப்பாடமாக வாசித்துத் தகப்பனாருக்குப் பிறந்தநாள் பரிசாகக் கொடுத்தார் அந்தப் பெண். ஆக, கல்வியில் குறை வைக்கவில்லை. பெண்பிள்ளைக்கு இவ்வளவு போதும் என்று யாரும் பாடத்தைப் பாதியில் நிறுத்தவுமில்லை. அந்தக் காலத்தில் எத்தனையோ ஆண்பிள்ளைகளுக்குக் கிடைக்காத பயிற்சி இவருக்குக் கிடைத்தது.

தடுப்பு வேறு இடத்தில் வந்தது. 1820 ஜூலையில் ஆப்ரஹாம் பாரிஸிலிருந்து பதினான்கு வயது மகளுக்கு ஒரு கடிதம் எழுதினார். ஃபெலிக்ஸுக்கு இசை ஒருவேளை தொழிலாகலாம், உனக்கு அது எப்போதும் ஓர் அணிகலனாகத்தான் இருக்க முடியும், வாழ்க்கையின் அடித்தளமாக ஆகாது, ஆகவும் கூடாது என்பது அதன் சாரம். மெண்டல்சோன் குடும்பத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் இந்தக் கடிதத்தை எடுத்துக்காட்டுகிறார்கள். ஆனால் அது என்ன பிரிக்கிறது என்பதைக் கவனிப்பதில்லை. திறமையை ஆப்ரஹாம் பிரிக்கவில்லை, தொழிலைத்தான் பிரிக்கிறார். அதே கடிதத்தில் மகளின் திறனைப் பற்றி ஓர் ஐயமும் இல்லை. அணிகலன் என்றால் வீட்டில் பூட்டி வைப்பதும் இல்லை. நாலு பேர் முன்னால் அணிந்துகொள்ளலாம், சந்தையில் விற்கக் கூடாது என்பதுதான் அதன் விதி. பெரிய வங்கிக் குடும்பம். பிள்ளைகளுக்கு 1816-ல் கிறிஸ்தவ ஞானஸ்நானம் செய்வித்து, பெற்றோரும் 1822-ல் மதம் மாறி, பிரஷ்யச் சமூகத்தில் மதிப்பான இடம் தேடிக்கொண்டிருந்த குடும்பம். மகள் பணத்துக்காக மேடை ஏறினாள் என்ற பேச்சு அந்த மதிப்பைக் கெடுக்கும். மகன் ஏறினால் கெடாது; அங்கேதான் பாலினம் வருகிறது. ஏழை வீட்டு மகள் ஏறினாலும் கெடாது. அங்கே வர்க்கம் வருகிறது. இரண்டும் சேர்ந்த முடிச்சு ஃபான்னியின் கழுத்தில் விழுந்தது.

முடிச்சு எவ்வளவு தளர்வாக இருந்தது, எங்கே இறுகியது என்பதை லைப்ட்ஸிகர் தெரு 3-ஆம் எண் வீட்டில் துல்லியமாகப் பார்க்கலாம். 1825-ல் ஆப்ரஹாம் வாங்கிய பெரிய மனை அது. பின்புறம் தோட்டம், தோட்டத்தைப் பார்த்தபடி ஒரு கூடம். பிள்ளைகளுக்காகத் தகப்பனார் தொடங்கி நடுவில் நின்றுபோன ஞாயிற்றுக்கிழமைக் கச்சேரிகளை 1831-ல் ஃபான்னி தம் பொறுப்பில் மறுபடி ஆரம்பித்தார். அப்போது அவருக்கு ஓவியர் வில்ஹெல்ம் ஹென்செலுடன் திருமணமாகி, ஒரு மகனும் பிறந்திருந்தான். என்ன வாசிப்பது என்று முடிவெடுப்பது, பாடகர் குழுவுக்கு ஒத்திகை வைப்பது, பியானோ வாசிப்பது, குழுவை நடத்துவது எல்லாம் அவரே. 1834-ல் கோனிக்ஸ்டாட் நாடக அரங்கின் இசைக்குழுவை வீட்டுக்கு வரவழைத்துத் தம்முடைய ஓவர்ச்சரைக் கையில் கோலுடன் தாமே நடத்தினார். லிஸ்ட் போன்றவர்களும் வந்து உட்கார்ந்த கூடம் அது. பெர்லினின் முக்கியமான இசை மேடைகளில் ஒன்று என்று அதைச் சொன்னால் மிகையில்லை. ஆனால் டிக்கெட் கிடையாது; அழைப்பின் பேரில்தான் வரவேண்டும். டிக்கெட் இல்லாததால் அது பொதுக் கச்சேரி இல்லை, பொதுக் கச்சேரி இல்லாததால் விமர்சனமும் இல்லை. 1838 பிப்ரவரியில் ஒரே ஒரு முறை பொது மேடையில் பியானோ வாசித்தார். அது ஏழைகளுக்கு நிதி திரட்டும் நிகழ்ச்சி, பெரிய குடும்பத்தார் பலர் பங்குகொண்டது. வாசித்ததும் தம்பியின் கான்செர்ட்டோவைத்தான். பணம் வாசிப்பவர் கைக்கு வராது என்றால் மேடைகூட ஏறலாம்! விதி எங்கே இருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

அச்சு விஷயத்தில் விதி இன்னும் விசித்திரமாக வேலை செய்தது. 1827-லும் 1830-லும் ஃபெலிக்ஸ் வெளியிட்ட ஓபஸ் 8, ஓபஸ் 9 என்ற இரண்டு பாடல் தொகுப்புகளில் மூன்று மூன்றாக ஆறு பாடல்கள் ஃபான்னியுடையவை. அட்டையில் ஃபெலிக்ஸின் பெயர் மட்டும். 1842-ல் பக்கிங்ஹாம் அரண்மனையில் விக்டோரியா அரசி தமக்குப் பிடித்த பாடல் என்று ஓபஸ் 8-லிருந்து 'இத்தாலி'யைத் தேர்ந்து பாடினார். அது தம் அக்காள் எழுதியது என்று ஃபெலிக்ஸ் ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. இதைத் திருட்டு என்று இன்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அப்படிப் படவில்லை. குடும்பத்தில் எல்லோருக்கும் தெரிந்த ஏற்பாடு அது. நண்பர்களிடம் அவர் மறைக்கவுமில்லை. ஆனால் திருட்டாக இருந்திருந்தால்கூடக் கதை எளிதாக இருந்திருக்கும். அன்புள்ள குடும்பம், ஒருவரை ஒருவர் மதிக்கும் அக்காள் தம்பி, தன் ஆக்கங்களை அக்காளிடம் காட்டித் திருத்தம் கேட்கும் தம்பி. இவர்கள் நடுவேதான் ஆறு பாடல்கள் பெயர் மாறி வெளியே போயின. கெட்டவர் ஒருவரும் இல்லாத இடத்திலும் ஒரு விதி தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும்.

தகப்பனார் 1835-ல் காலமானார். 1837-ல் தாய் லியா, அக்காளை வெளியிடச் சொல்லி ஊக்கப்படுத்து என்று ஃபெலிக்ஸுக்கு எழுதினார். அந்த ஜூனில் ஃபெலிக்ஸ் எழுதிய பதில் பெரிய ஆவணம். ஃபான்னி ஒரு நல்ல இல்லத்தரசி, முதல் கடமைகள் முடியும்வரை பொதுமக்களைப் பற்றியோ இசை உலகைப் பற்றியோ நினைக்காதவர். வெளியீடு அவர் நிம்மதியைக் கெடுக்கும். அவரே முடிவெடுத்தால் உதவத் தயார், நானாகத் தூண்டமாட்டேன். இதோடு இன்னொன்றும் சொன்னார். அச்சிடுவது விளையாட்டல்ல, ஆயுள் முழுக்க ஓர் ஆசிரியராக நிற்க விரும்புகிறவர்தான் அதில் இறங்க வேண்டும், ஒன்றன்பின் ஒன்றாக ஆக்கங்கள் வந்துகொண்டே இருக்க வேண்டும் என்றார். தொழில்முறைப் படைப்பாளி ஒருவரின் நேர்மையான கணிப்பு இது. ஃபான்னியிடம் அப்போதே நூற்றுக்கணக்கில் ஆக்கங்கள் இருந்தன என்பதை அவர் அறிவார். ஆகவே ஒன்றன்பின் ஒன்றாக வருமா என்ற கேள்விக்கு இடமே இல்லை. குறை, அந்த வாழ்க்கையை அவர் வாழ அனுமதி இல்லாததில்தான் இருந்தது.

ஃபெலிக்ஸுக்குப் பெண்களின் திறமையில் நம்பிக்கை இல்லை என்று இதை முடித்துவிடலாமா? முடியாது. இதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு, 1835 நவம்பர் 9 அன்று, லைப்ட்ஸிக் கெவாண்ட்ஹவுஸ் அரங்கில் பதினாறு வயதுப் பெண் ஒருவர் தாமே எழுதிய பியானோ கான்செர்ட்டோவை அரங்கேற்றினார். பெண்ணின் பெயர் கிளாரா வீக், பிற்காலத்தில் கிளாரா ஷூமன். ஆர்க்கெஸ்ட்ராவை நடத்தியவர் ஃபெலிக்ஸ் மெண்டல்சோன். ம்யூனிக்கில் யோசஃபின் லாங் என்ற இளம்பெண்ணின் பாடல்களைக் கேட்டு வியந்து, அவருக்கு இசை இலக்கணம் கற்றுக்கொடுத்தவரும் அவரே. கிளாராவின் தகப்பனார் பியானோ கற்றுக்கொடுத்தும் விற்றும் பிழைத்தவர். மகளைச் சிறு வயதிலிருந்தே மேடைக்கென்று வளர்த்தார். லாங்கின் தகப்பனார் வயலின் கலைஞர், தாய் ஓபரா பாடகி. அதாவது ஊரார் வீட்டுப் பெண், இசைத்தொழில் செய்யும் வீட்டுப் பெண், எழுதலாம், அச்சிடலாம், விற்கலாம். தன் வீட்டுப் பெண்ணுக்கு மட்டும் அது ஆகாது. வசதி வந்ததால் வாசல் அடைபட்டது. கசுலானாவும் ஸ்ட்ரோட்ஸியும் முன்னே போய், ஃபான்னி பின்தங்கிய புதிருக்கு விடை இங்கே இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வலுப்பெற்ற வசதியான நடுத்தர வர்க்கம், உழைத்துச் சம்பாதிக்காத மனைவி மகளைத் தன் கௌரவத்தின் அடையாளமாக ஆக்கிக்கொண்டது. இசையை மிக நன்றாகக் கற்ற பெண்கள் பலர் அந்த வீடுகளில்தான் இருந்தார்கள்.

அச்சேறாவிட்டால் என்ன, எழுதும் இன்பம் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. ஃபான்னியே இதற்குப் பதில் சொல்லியிருக்கிறார். 1836-ல் லண்டனில் இருந்த குடும்ப நண்பர் கார்ல் கிளிங்கமானுக்கு எழுதிய கடிதத்தில், தம் ஆக்கங்களைப் பற்றி யாரும் ஒரு கருத்தும் சொல்லாமல், ஒரு சிறு அக்கறையும் காட்டாமல் இருந்தால், நாளடைவில் எழுதும் இன்பம் மட்டுமின்றி, எழுதியது நல்லதா இல்லையா என்று தீர்மானிக்கும் ஆற்றலும் போய்விடும் என்று குறிப்பிடுகிறார். வெளியீடு என்பது புகழுக்கு மட்டும் வழி இல்லை. கற்றுக்கொள்ளும் வழியும் அதுதான். ஓர் ஆக்கம் அச்சாகி, முன்பின் தெரியாத நால்வர் அதை வாசித்துப் பார்த்து, ஒரு பத்திரிகை குறை சொல்லி, அடுத்ததில் அந்தக் குறை திருத்தப்படுகிறது. ஃபெலிக்ஸ் இருபது வயதுக்குள் இந்தச் சுற்றுக்குள் வந்துவிட்டார். ஃபான்னிக்கு வாய்த்த விமர்சகர் பெரும்பாலும் ஒரே ஒருவர், அதே ஃபெலிக்ஸ். 1834-ல் ஃபான்னி ஒரு தந்தி நால்வர் இசையை எழுதினார். வடிவத்தில் கட்டுப்பாடு இல்லை என்று தம்பி குறை சொன்னார். அதற்கு 1835 தொடக்கத்தில் அக்காள் எழுதிய பதிலில், தம்முடைய நீண்ட ஆக்கங்கள் இளமையிலேயே மூப்படைந்து செத்துப்போகின்றன, எண்ணத்தைத் தாங்கிப் பிடித்து நடத்தும் வலு தம்மிடம் இல்லை, பாடல்கள்தாம் தமக்கு ஏற்றவை என்று ஒப்புக்கொள்கிறார். பிறகு அவர் இன்னொரு நால்வர் இசையை எழுதவே இல்லை. பெண்களுக்குச் சிறு வடிவம்தான் கைவரும் என்று பாடநூல்கள் சொன்ன முடிவு இப்படித்தான் உண்டானது: ஒரு குறையைச் சொல்ல ஒருவர், அதைத் திருத்திக் காட்டக் களம் எதுவும் இல்லை.

இந்த இடத்தில் வலுவான மறுப்பு ஒன்று உண்டு. அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. ஃபான்னி இறந்த அதே 1847-ல் இங்கிலாந்தில் சார்லட் பிராண்ட்டியின் 'ஜேன் அயர்' வெளியானது. அதற்கு முன்பே ஜேன் ஆஸ்டின் இருந்தார், பிரான்ஸில் ஜார்ஜ் சாண்ட் புகழின் உச்சியில் இருந்தார். அவர்களுக்கும் இதே சமூகம்தான், இதே கட்டுப்பாடுதான். புனைபெயர் வைத்துக்கொண்டாவது பெருநாவல் எழுதினார்களே, சிம்பொனி எழுதியவர் எங்கே? உண்மையான மேதைமை இருந்தால் வழி கண்டுபிடித்திருக்காதா? கேள்வி நியாயமானது, ஆனால் நாவலும் சிம்பொனியும் ஒரே வகைச் சரக்கு இல்லை. எழுதி முடித்த அன்றே நாவல் முழுமையடைந்துவிடுகிறது. கையெழுத்துப் படியைத் தபாலில் அனுப்பிவிட்டு வேறு பெயருக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளலாம். சிம்பொனியின் மூலப்படி எழுதி முடிந்த அன்று வெறும் தாள்தான். அதிலிருந்து முதல் வயலினுக்கு ஒரு பங்கு, செல்லோவுக்கு ஒரு பங்கு, ஹார்னுக்கு ஒரு பங்கு என்று ஒவ்வோர் இசைஞரின் மேசைக்கும் தனித்தனியே படியெடுக்க வேண்டும், படியெடுப்பவருக்குக் கூலி. நாற்பது ஐம்பது ஆண்கள் கொண்ட குழு சம்மதிக்க வேண்டும், அதன் நடத்துநர் சம்மதிக்க வேண்டும், அரங்கு வேண்டும், ஒத்திகை வேண்டும். புனைபெயரோடு ஒத்திகைக்குப் போக முடியாது. இத்தனையும் கைகூடி எழுதியவர்கூட ஒருவர் இருந்தார்: பாரிஸில் லூயிஸ் ஃபரென்க். கன்சர்வட்டோரில் ஆக்க வகுப்பு பெண்களுக்கு மறுக்கப்பட்டதால் அன்டன் ரைஹாவிடம் தனியாகப் படித்து, 1840-களில் மூன்று சிம்பொனிகளை எழுதினார். மூன்றாவது 1849-ல் பாரிஸின் முதல்தர ஆர்க்கெஸ்ட்ராவால் வாசிக்கப்பட்டது. கணவரே இசைப் பதிப்பாளராக இருந்தவர். அப்படியும் அவர் உயிரோடு இருந்தவரை மூன்றில் ஒன்றும் அச்சாகவில்லை. ஆகவே சிம்பொனி எழுதியவர் எங்கே என்ற கேள்விக்கு நேரடியான பதில் உண்டு. இருந்தார், வாசித்தார்கள், கைதட்டினார்கள், மறந்தார்கள். அச்சுப் படி இல்லாத சிம்பொனியை அடுத்த ஊர்க் குழு எப்படி வாசிக்கும்?

இரண்டாவது மறுப்பை ஒரு பெண்ணே தந்திருக்கிறார் என்று சொல்வார்கள். 1839 நவம்பரில் கிளாரா தம் நாட்குறிப்பில், தமக்குப் படைப்பாற்றல் இருப்பதாக ஒரு காலத்தில் நம்பியதாகவும், அந்த எண்ணத்தை விட்டுவிட்டதாகவும், பெண் இசை எழுத ஆசைப்படக் கூடாது, இதுவரை எந்தப் பெண்ணாலும் முடிந்ததில்லை என்றும் எழுதினார். எழுதியபோது அவருக்கு இருபது வயது. ராபர்ட் ஷூமனைத் திருமணம் செய்யத் தகப்பனாரோடு நீதிமன்றத்தில் போராடிக்கொண்டிருந்த நேரம். அதற்குப் பிறகு அவர் என்ன செய்தார் என்று பார்ப்பதே முறை. 1846-ல் தம் சிறந்த ஆக்கமான பியானோ மூவர் இசையை எழுதினார். அதன் இறுதிப் பகுதியில் வரும் ஃபியூக் பாணிப் பத்தியை ஒரு பெண் எழுதியிருக்க முடியும் என்று தாம் நம்ப மறுத்ததையும், மெண்டல்சோன் அதைக் கேட்டு உரக்கச் சிரித்ததையும் வயலின் மேதை யோவாகிம் பிற்பாடு நினைவுகூர்ந்தார். பிறகு ஷூமன் குடும்பம் ட்யூசல்டார்ஃபில் வேறு வீட்டுக்கு மாறியது. கணவர் எழுதும்போது பியானோவைத் தொடக்கூடாது என்ற நிலை போய், கிளாராவுக்குத் தனி அறை கிடைத்தது. 1853 கோடையில் மட்டும் ஓபஸ் 20 முதல் 23 வரை நான்கு ஆக்கங்களை எழுதினார். அடுத்த ஆண்டு ராபர்ட் மனநோய் விடுதிக்குப் போனார், 1856-ல் இறந்தார். ஏழு குழந்தைகளைக் கச்சேரி வருமானத்தில் வளர்க்க வேண்டியிருந்தது. எழுதுவது ஏறக்குறைய நின்றுபோனது. நாட்குறிப்பின் ஒரு பக்கத்தை நம்புவதா, பதினேழு ஆண்டு நடைமுறையை நம்புவதா? அறை கிடைத்தபோது எழுதினார், சோற்றுக் கவலை வந்தபோது நிறுத்தினார் என்பதைத்தான் நடைமுறை சொல்கிறது. ஒன்றையும் கவனிக்க வேண்டும்: ஃபான்னிக்கு வசதி தடையாயிற்று, கிளாராவுக்கு வசதியின்மை தடையாயிற்று. தொழிலாக இசை செய்யும் உரிமை இருந்தால் மட்டும் போதும் என்று இந்த வாதத்தை நீட்டிவிட முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

மூன்றாவது மறுப்பு தரம் பற்றியது: வெளியே வந்திருந்தாலும் தேறியிருக்குமா? இதற்கு வரலாறு தற்செயலாக ஒரு சோதனையை நடத்தி வைத்திருக்கிறது. 1828-ல் ஃபான்னி ஓர் 'ஈஸ்டர் சொனாட்டா' எழுதினார். கடிதங்களில் பெயர் உண்டு, தாள் கிடைக்கவில்லை. 1970-ல் பாரிஸில் ஒரு கையெழுத்துப் படி வெளிப்பட்டது. அதில் 'எஃப். மெண்டல்சோன்' என்று இருந்தது. எஃப் என்றால் ஃபெலிக்ஸ்தான் என்று எடுத்துக்கொண்டு, 1972-ல் அவர் ஆக்கமாகவே ஒலிப்பதிவு செய்தார்கள். 2010-ல் ஆய்வாளர் ஆஞ்சலா மேஸ் அந்தப் படியை நேரில் ஆராய்ந்தார். கையெழுத்து ஃபான்னியுடையது, பக்க எண்கள், அவருடைய வேறொரு கையெழுத்துத் தொகுதியில் காணாமல் போயிருந்த பக்கங்களோடு பொருந்தின. 2017 மார்ச் 8 அன்று லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் மியூசிக்கில் உரியவர் பெயரில் அது ஒலித்தது. சுமார் நாற்பது ஆண்டுகள் ஃபெலிக்ஸ் என்ற பெரிய பெயரின் கீழ் அந்த சொனாட்டா தாக்குப்பிடித்தது. ஒரு சுரமும் மாறவில்லை, பெயர்தான் மாறியது. இதனால் ஃபான்னி எழுதிய அத்தனையும் உயர்ந்தவை என்று நான் சொல்ல வரவில்லை. பாதிக்கு மேல் சிறு பாடல்கள். சில, விருந்தினர் கேட்டு ரசித்துவிட்டு மறந்துபோகும் வகை. தந்தி நால்வர் இசையைப் பற்றித் தம்பி சொன்னதிலும் கொஞ்சம் உண்மை உண்டு. 'பெண் பீத்தோவன்' பட்டம் கட்டுகிறவர்கள் அவருக்கு நன்மை செய்யவில்லை. ஆனால் 1841-ல் எழுதிய 'ஆண்டு' என்ற பியானோ வரிசையை எந்த அளவுகோலாலும் நிறுக்கலாம். பன்னிரண்டு மாதங்களுக்குப் பன்னிரண்டு ஆக்கங்கள், முடிவுரையாக ஒன்று. மார்ச்சில் ஈஸ்டர் திருப்பாட்டு, டிசம்பரில் கிறிஸ்துமஸ் திருப்பாட்டு, கடைசியில் போகும் ஆண்டைப் பற்றிய பழைய துதி என்று தேவாலய மெட்டுகள் ஊடே வந்துபோகும். நல்லபடியாக எழுதிய படியில் மாதத்துக்கொரு நிறத் தாள், தலைப்பில் ஒரு கவிதை வரி, கணவர் வரைந்த சிறு சித்திரம். ஒரு பெரிய கட்டுமானத்தைத் தாங்கும் வலு தம்மிடம் இல்லை என்று எழுதியவரின் கையிலிருந்து ஆறு ஆண்டு கழித்து வந்தது இது.

1846-ல் பெர்லினின் இரண்டு பதிப்பகங்கள், போட்டே உண்ட் போக்கும் ஷ்லெஸிங்கரும், ஃபான்னியை நாடி வந்தன. கணவர் வில்ஹெல்ம் எப்போதும் வெளியிடச் சொன்னவர்தான். ஜூலை 9 அன்று ஃபெலிக்ஸுக்கு எழுதிய கடிதத்தில், பதினான்கு வயதில் அப்பாவுக்குப் பயந்தது போல நாற்பது வயதில் தம்பிகளுக்குப் பயப்படுவதாக அவர் சொல்வது நகைச்சுவையா, குமுறலா என்று பிரிக்க முடியாது. அனுமதி கேட்கவில்லை, தகவல் சொன்னார். ஒரு மாதம் கழித்து ஃபெலிக்ஸ் பதில் போட்டார். தொழில்காரர் புதிதாகச் சேரும் தொழில்காரருக்குத் தரும் ஆசியைத் தருவதாக எழுதினார். தொழில் என்பதை அவரே கடைசியில் ஒப்புக்கொண்டார். 1846 முதல் ஏழு தொகுப்புகள் அடுத்தடுத்து வெளிவந்தன. பெரிய வடிவத்துக்கு உடனே திரும்பினார்: டி மைனரில் பியானோ, வயலின், செல்லோ மூவர் இசை. 1847 ஏப்ரல் 11 அன்று, தங்கை ரெபெக்காவின் பிறந்தநாளில் அது வீட்டில் வாசிக்கப்பட்டது. மே 14 அன்று ஞாயிற்றுக்கிழமைக் கச்சேரிக்கு ஒத்திகை நடத்திக்கொண்டிருந்தபோது மூளையில் இரத்தக்கசிவு ஏற்பட்டு, அன்றிரவே இறந்தார். வயது 41. நவம்பரில் ஃபெலிக்ஸும் போனார். 1850-ல் மூவர் இசை உட்பட இன்னும் நான்கு தொகுப்புகள் வந்தன. பிறகு நூற்றாண்டுக்கு மேல் பேச்சில்லை. மகன் செபாஸ்டியன் 1879-ல் வெளியிட்ட குடும்ப வரலாறு பரவலாக வாசிக்கப்பட்டது; அதில் ஃபான்னி அன்பான மகள், அக்காள், மனைவி. அவரை அச்சில் அதிகம் பார்க்காத உலகம் அந்தச் சித்திரத்தையே பிடித்துக்கொண்டது. தந்தி நால்வர் இசை 1988-லும், 'ஆண்டு' 1989-லும்தான் முதல்முறை அச்சேறின.

வாசகர்கள் தொடங்க வேண்டிய இடம், என் கணிப்பில், டி மைனர் மூவர் இசை. முதல் பகுதியில் பியானோ எழுப்பும் கொந்தளிப்பை மட்டும் கேட்டுவிட்டு, ஆப்ரஹாமின் 1820 கடிதத்தை மறுபடி நினைத்துப் பாருங்கள். இலவசமாக இணையத்தில் கிடைக்கிறது; அரை மணி நேரம் ஒதுக்கினால் போதும். அடுத்த பகுதி பாரிஸில். கன்சர்வட்டோரில் முப்பது ஆண்டு பேராசிரியராக இருந்த லூயிஸ் ஃபரென்க், 1850-ல் தம்முடைய ஒன்பதின்மர் இசை வெற்றி பெற்ற சூட்டோடு, ஆண் பேராசிரியர்களுக்குச் சமமான சம்பளத்தைக் கேட்டு வாங்கிய கதையைப் பார்ப்போம்.